ஆர்வத்துக்கு மார்க் போடாதீர்கள்

ஒன்பதாம் வகுப்பு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான முதல் பீரியட். ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தோம். முப்பது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள்: ‘முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை. மாணவர்களின் கற்றல் ஊக்கத்தை அளக்கும் படிவம் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். மூன்றாவது வரிசைப் பையன் கையைத் தூக்கினான்.

“மிஸ், நாலாவதுக்கு இன்னா போடணும்?”

“உனக்கு என்ன தோணுதோ அதைப் போடுப்பா.”

“அது இல்ல மிஸ். கரெக்ட் எது?”

நாலாவது வாக்கியம், ‘வகுப்பில் என் விருப்பப்படி செயல்படும் சுதந்திரம் எனக்கு இருப்பதாக உணர்கிறேன்’ என்பது. தன் சுதந்திரத்தைப் பற்றி எழுதவும் அவனுக்குச் சரியான விடை தேவைப்பட்டது. ஒன்பது வருடமாக நாங்கள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்: தாள் என்று ஒன்று வந்தால் அதில் சரியான விடை இருக்கும், அது மிஸ்ஸுக்குத் தெரியும். கடைசியில் பக்கத்து பெஞ்சைப் பார்த்து ஏதோ ஒரு கட்டத்தில் டிக் அடித்தான். அந்த டிக் அவன் மனத்தின் அளவாகக் கணினியில் ஏறியது. ஏற்றியவர்களில் நானும் ஒருத்தி.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையே இருபது வருடத்துக்கு மேல் சமூக அறிவியல் நடத்தியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, இன்று கல்வி பற்றிப் பேசுகிற பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்டுவிட்ட ஒரு கருத்தை மறுக்கவே இதை எழுதுகிறேன். மதிப்பெண் மட்டும் போதாது, பிள்ளையின் மனத்தையும் அளக்க வேண்டும்; எந்தப் பிள்ளைக்கு ஊக்கம் குறைவு என்று எண்ணாகத் தெரிந்துவிட்டால் சரிசெய்துவிடலாம் என்பது அந்தக் கருத்து. முப்பருவ முறையோடு 2012-13இல் நம் பள்ளிகளுக்கு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு, வாழ்க்கைத் திறனுக்கும் மனப்பான்மைக்கும்கூடத் தரக்குறி போடச் சொன்னது. 2020 தேசியக் கல்விக் கொள்கை 360 டிகிரி முன்னேற்ற அட்டை வேண்டும் என்கிறது. பிள்ளை தன்னைத்தானே மதிப்பிட வேண்டும், கூடப் படிப்பவர்களும் மதிப்பிட வேண்டும். அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. ஆனாலும் இந்த எண்ணம் தொண்டு நிறுவனங்கள், ஆய்வு மாணவர்கள், தனியார் பள்ளி நிர்வாகங்கள், பயிற்சி நிறுவனங்கள் வழியாக வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. நல்ல எண்ணத்தோடுதான் வந்தது. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அது செய்தது நல்லது இல்லை.

அந்தப் படிவத்தின் முடிவு இரண்டு வாரத்தில் வந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டிருந்தார்கள். என் வகுப்பில் ஒன்பது பேர் சிவப்பு. அதில் ஒருவன் கடைசி பெஞ்ச். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மாமாவுக்கு ஒத்தாசையாக ஐஸ் உடைத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஓடிவந்து குளித்து, மணி அடிப்பதற்குள் வகுப்பில் இருப்பான். ‘காலையில் உற்சாகத்துடன் பள்ளிக்கு வருகிறேன்’ என்ற வாக்கியத்துக்கு ‘முற்றிலும் மறுக்கிறேன்’ போட்டிருந்தான். உள்ளதைச் சொன்னான், சிவப்பு வாங்கினான். முன் பெஞ்சில் ஒரு பெண் முப்பது கேள்விக்கும் ‘நடுநிலை’ போட்டிருந்தாள். ஏம்மா இப்படி என்று கேட்டேன். “நடுவுல போட்டா யாரும் கூப்ட மாட்டாங்க மிஸ்” என்றாள். அவளுக்கு மஞ்சள். அந்த வகுப்பிலேயே யோசித்து டிக் அடித்தவள் அவள்தான் என்று நினைக்கிறேன். தன் மனத்தைக் காட்டினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

நடந்தது இது. தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை வரவழைத்து, சிவப்பில் இருந்த ஒன்பது பேரையும் தனியாக ஹாலில் உட்காரவைத்துப் பேசவைத்தார்கள். அவர்கள் வகுப்புக்குத் திரும்பி வந்தபோது மற்ற பிள்ளைகள் “ரெட்டு வந்துச்சு” என்று கூவினார்கள். ‘ரெட்டு’ என்ற பெயர் அரைப் பரீட்சை வரைக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

வடசென்னைப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பேச்சு நன்றாகத் தெரியும். ‘இந்தப் பக்கத்துப் பசங்களுக்குப் படிப்புல இன்ட்ரஸ்ட் கிடையாதுங்க.’ ஆசிரியர் அறையில் சொல்வார்கள், பயிற்சி வகுப்பில் சொல்வார்கள், ராயபுரம் தாண்டி வந்திராதவர்கள் இன்னும் உறுதியாகச் சொல்வார்கள். இத்தனை நாளும் அது வெறும் வாய்ப்பேச்சு. எதிர்த்துப் பேச முடிந்தது. இப்போது அதற்கு, படிவத்தின் சராசரியாக, ஐந்துக்கு 2.3 என்ற எண் கிடைத்துவிட்டது. எண்ணை எதிர்த்து யார் பேசுவது? ஒரு வசவு அறிவியலாகிவிட்டது. இந்தப் படிவங்களிடம் எனக்குள்ள முதல் கோபம் இதுதான்.

இந்தப் படிவங்கள் எந்தக் கோட்பாட்டின் பேரைச் சொல்லி வருகின்றனவோ, அந்தக் கோட்பாட்டையே தலைகீழாக்குகின்றன என்பது இரண்டாவது கோபம். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1985இல் ஒரு நூலாக விரித்து எழுதிய சுயநிர்ணயக் கோட்பாடு அது. சுயநிர்ணயம் என்ற சொல் நமக்கு அரசியல் மேடையில் கேட்டுப் பழகியது; இங்கே அது தனி மனிதரின் மனத்தைப் பற்றியது. மனிதருக்கு அடிப்படையாக மூன்று உளத் தேவைகள் உண்டு என்கிறார்கள். தன் விருப்பத்தோடு ஒன்றைச் செய்வது, ‘என்னால் முடியும்’ என்ற தெம்பு, நாலு பேரோடு ஒட்டுறவு. இந்த மூன்றும் கிடைக்கிற இடத்தில் ஊக்கம் தானாக வளரும். மறுக்கப்படுகிற இடத்தில் வாடும். செடிக்கு மண்ணும் தண்ணீரும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். செடி வாடினால் நாம் மண்ணைத்தான் கிளறிப் பார்ப்போம். கோட்பாடு சொல்வதும் அதைத்தான்: வகுப்பறை இந்த மூன்றையும் கொடுக்கிறதா என்று பார். நாமோ செடியிடம் தாளைக் கொடுத்து ‘நீ எவ்வளவு வாடியிருக்கிறாய், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்’ என்று கேட்டு, வந்த விடையைச் செடியின் குணமாக எழுதிவைக்கிறோம்.

டெசி தன் ஆய்வைத் தொடங்கிய விதத்தையும் பாருங்கள். 1971இல் வெளியான அவருடைய புகழ்பெற்ற பரிசோதனையில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு சோமா என்ற கட்டைப் புதிர் கொடுத்தார். ஒரு பிரிவினருக்கு இரண்டாம் நாள் மட்டும், தீர்க்கும் ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர். நடுவில் ஏதோ வேலை இருப்பதுபோல எட்டு நிமிடம் அறையை விட்டு வெளியே போய்விடுவார். அறையில் பத்திரிகைகள் கிடக்கும். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும் அந்த எட்டு நிமிடத்தில் மாணவர் புதிரைத் தொடுகிறாரா, பத்திரிகையைப் புரட்டுகிறாரா என்று மறைவிலிருந்து கணக்கெடுத்தார்கள். மூன்றாம் நாள் காசு நின்றதும், காசு வாங்கியவர்கள் புதிரோடு செலவிட்ட நேரம் குறைந்தது. 1973இல் ஸ்டான்ஃபோர்டு வளாகத்து மழலையர் பள்ளியிலும் இப்படித்தான். சான்றிதழ் தருகிறோம் என்று ஆசை காட்டி ஸ்கெட்ச் பேனாவில் படம் போடவைத்த குழந்தைகள், பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் மற்றக் குழந்தைகளில் பாதி அளவுதான் அந்தப் பேனாக்களைத் தொட்டார்கள். இரண்டு ஆய்விலும் ஊக்கத்தை முடிவு செய்தது, விட்டுவிட்டால் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்த பார்வை. எங்கள் பள்ளிகளில் பிள்ளையை விட்டுவிட்டுப் பார்க்கிற எட்டு நிமிடம் ஒரு நாளில் எங்கே இருக்கிறது?

அந்தச் சிவப்புப் பையனுக்கு அப்படி எட்டு நிமிடம் தற்செயலாகக் கிடைத்தது. நீர்க்கோளம் பாடம். போர்டில் ‘பெருங்கடல் நீரோட்டங்கள்’ என்று எழுதிவிட்டு, நம்ம கடல்ல தண்ணி எந்தப் பக்கமா ஓடும் என்று சும்மா கேட்டுவைத்தேன். புத்தகத்தில் இல்லாத கேள்வி. முன் பெஞ்ச் புத்தகத்தைப் புரட்டியது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “வன்னியா, தெண்டியா மிஸ்? இன்னா மாசத்துல கேக்கறீங்க?”

எனக்கு அந்தச் சொற்கள் தெரியாது. இந்தக் கரையில் வெள்ளத்துக்கு, அதாவது கடல் நீரோட்டத்துக்கு, மீனவர் வைத்திருக்கும் பெயர்கள் அவை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். எழுந்து வா என்றேன். சாக்பீஸை வாங்கிக் கரையை ஒரு நீளக்கோடாக இழுத்தான், எண்ணூர் முகத்துவாரத்தைக் குறித்தான், ஒரு படகு போட்டான், வலையை இழுத்துக்கொண்டு போகிற வெள்ளத்துக்கு அம்புக்குறி போட்டான். காற்று ஒரு பக்கம் அடித்து வெள்ளம் இன்னொரு பக்கம் ஓடினால் வலை எங்கே போகும் என்று இன்னொரு பையன் கேட்டான். மணி அடித்த பிறகும் நாலைந்து பேர் போர்டைச் சுற்றி நின்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த பீரியட் கணக்கு ஆசிரியர் வந்து துரத்த வேண்டியிருந்தது.

இப்போது சொல்லுங்கள், அவனுக்கு ஊக்கம் 2.3ஆ, 5ஆ? இந்தக் கேள்வியே தப்பு என்பதுதான் என் வாதம். சர்க்கரை, ரத்த அழுத்தம் போல அவன் உடம்புக்குள் இருக்கிற ஏதோ ஒன்றின் அளவைக் கேட்கிறோம். ஆர்வம் அவனுக்கும் அந்தப் பாடத்துக்கும், அவனுக்கும் எனக்கும், அவனுக்கும் பக்கத்து பெஞ்சுக்கும் நடுவில் நடக்கிற ஒன்று. அன்று நடந்தது, முந்தின நாள் நடக்கவில்லை. முந்தின நாள் நடக்காததில் என் பங்கு பெரியது. அந்தத் தாளில் எனக்கு ஒரு கட்டமும் இல்லை.

வடசென்னையில் ஆர்வம் இல்லை என்கிறவர்கள் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகருக்குப் போய்ப் பார்க்கட்டும். அங்கே ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் பிள்ளைகளுக்கு கேரம் சொல்லிக்கொடுத்தார். அவருடைய மகள் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக்கோப்பை கேரம் போட்டியில் ஒற்றையர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வாங்கினார். அவருக்கு முன்னால் 1991இலும் 1995இலும் உலகப் பட்டம் வென்று, 1996இல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயமும் சென்னைக்காரர்தான். இந்தப் பக்கத்துத் தெருக்களில் சாயங்காலம் கேரம் போர்டைச் சுற்றி நிற்கும் பசங்களை நான் எத்தனையோ தடவை நின்று பார்த்திருக்கிறேன். எந்தக் காயை அடிப்பது என்று அவனே முடிவு செய்கிறான். ஸ்டிரைக்கர் விரலை விட்டுப் போன அடுத்த நொடியே தான் செய்தது சரியா தப்பா என்று தெரிந்துவிடுகிறது. தப்பினால் அடுத்த முறை காத்திருக்கிறது, யாரும் பெற்றோரைக் கூட்டிவரச் சொல்வதில்லை. சுற்றி நிற்கும் அண்ணன்மார் “ரீபவுண்ட்ல போடுடா” என்று குனிந்து காட்டுகிறார்கள். விருப்பம், தெம்பு, ஒட்டுறவு மூன்றும் ஒரு சதுரப் பலகையில் இருக்கிறது. அவனிடம் யாரும் ஊக்கப் படிவம் நீட்டியதில்லை. மூன்று மணி நேரம் நின்றபடி ஆடுகிறான். அதே பையன் மறுநாள் காலை என் வகுப்பில் பத்து நிமிடத்தில் கொட்டாவி விடுகிறான் என்றால், ஆராய வேண்டியது எதை?

எதை ஆராய வேண்டும் என்று நூறு வருடத்துக்கு முன்பே இந்த ஊர் கண்டுபிடித்திருந்தது. 1920இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் வடசென்னைக்காரரான பிட்டி தியாகராயர். ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை. படிப்பில் நாட்டம் இல்லாத சாதிகள் என்று அன்றும் சொன்னார்கள். மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் சாப்பாடு போட முடிவு செய்தது. மிச்சக் கதை தமிழ்நாட்டுக்குத் தெரியும்: 1956இல் காமராஜரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகளுக்கு வந்தது. மாநிலத் திட்டக் குழு கணக்கெடுத்துப் பார்த்த 1,543 பள்ளிகளில் 1,319இல் பிள்ளைகளின் வருகை கூடியிருந்தது. யாரும் அந்தப் பிள்ளைகளின் மனத்தை மாற்றவில்லை. காலையில் சூடாக உப்புமாவும் கிச்சடியும் வைத்தார்கள், பிள்ளைகள் வந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஊக்கத்துக்குப் பருவம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பள்ளி திறப்பது ஜூன் தொடக்கத்தில். அதாவது நோட்டு, ஷூ, டியூஷன் எல்லாவற்றுக்கும் காசு வேண்டியிருக்கிற வாரமும், விசைப்படகை நம்பிய வீட்டில் காசே இல்லாத வாரமும் ஒரே வாரம். ‘வருட ஆரம்பத்தில் ஒரு தடவை, வருடக் கடைசியில் ஒரு தடவை’ என்று படிவம் கொடுத்து, நடுவில் வந்த வித்தியாசத்தைத் தங்கள் திட்டத்தின் வெற்றி என்று எழுதுகிறவர்கள், நடுவில் படகு கடலுக்குப் போனதைக் கணக்கில் எடுக்கிறார்களா? 35 பேர் உள்ள வகுப்பில் ஏழு பேர் ஒரு கட்டம் மேலே டிக் அடித்தால் சராசரி 0.2 ஏறிவிடும். ஏழு வீட்டில் அடுப்பு சரியாக எரிந்தால் போதும், அந்த 0.2 வந்துவிடும்.

2023 டிசம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல்; வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்து, படகும் வலையும் கருப்பாகிப் போனது. 26ஆம் தேதி நடுராத்திரி பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் அமோனியாக் குழாயில் கசிவு. சின்னக்குப்பம், பெரியகுப்பம் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஒரு வாரத்தில் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. அந்தப் பிள்ளைகள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் வகுப்பறைக்குள்ளேயே பிள்ளைகள் மூச்சுத் திணறி விழுந்தார்கள். அதற்குப் பிறகும் இங்கே பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். இந்த ஊரில் ஒரு பிள்ளை காலையில் கன்டெய்னர் லாரி வரிசையைத் தாண்டி, சாம்பல் படிந்த காற்றைக் குடித்து, வகுப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பதையே நான் ஊக்கம் என்று எண்ணுகிறேன். எந்தப் படிவமும் அதைக் கேட்பதில்லை. ‘பாடப்பொருளில் எனக்கு உள்ளார்ந்த ஈடுபாடு உண்டு’ என்பதைத்தான் படிவம் கேட்கிறது.

மொழியையும் சொல்லாமல் விட முடியாது. ‘உள்ளார்ந்த ஈடுபாடு இருப்பதாக உணர்கிறேன்’ என்று எங்கள் பிள்ளைகள் யாரும் பேசுவதில்லை. ‘புடிக்கும்’, ‘புடிக்காது’, ‘போர் அடிக்குது’, ‘அந்த மிஸ்ஸுன்னா உசுரு’ என்று பேசுவார்கள். ஆங்கிலத்தில் எழுதி அப்படியே பெயர்த்த வாக்கியத்தைப் பிள்ளை புரிந்துகொள்வதற்கே தமிழ்த் தேர்வு எழுத வேண்டியிருக்கிறது. ‘வகுப்பில் நான் திறமையற்றவனாக உணர்வதில்லை’ என்பதற்கு ‘மறுக்கிறேன்’ என்று போட்டால் அவன் தன்னைத் திறமைசாலி என்கிறானா, இல்லை என்கிறானா? நின்று யோசித்துப் பாருங்கள். எனக்கே இரண்டு நிமிடம் பிடித்தது. பதினான்கு வயதுப் பையன் ஐந்து வினாடியில் டிக் அடித்துவிட்டுப் போனான்.

சரி, மொழியைத் திருத்திவிடலாம், எளிய தமிழில் எழுதலாம் என்பார்கள். திருத்தினாலும் தீராத ஒரு கோளாறு இருக்கிறது. ‘நான் கடினமாக உழைக்கிறேன்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாரோடு ஒப்பிட்டுக் கடினம்? காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாகப் போகிற தாயின் மகள், தன் படிப்பை உழைப்பு என்று எண்ணுவதே இல்லை. ‘எங்கம்மாதான் மிஸ் கஷ்டப்படுது, நான் இன்னா பண்றேன்’ என்பாள். ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடிப்பாள். வீட்டில் எல்லாம் கைக்கு வந்து சேரும் இன்னொரு பிள்ளை இரண்டு மணி நேரம் படித்ததற்கு ‘முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன்’ போடுவாள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பள்ளிகளில் இதே விபரீதம் பதிவாகியிருக்கிறது: 2016இல் வெளிவந்த ஆய்வில், மிகக் கண்டிப்பான பள்ளிகளில் படித்து மதிப்பெண்ணில் நன்றாக முன்னேறிய பிள்ளைகள், விடாமுயற்சியில் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிடத் தங்களைத் தாழ்வாக மதிப்பிட்டிருந்தார்கள். கூட இருப்பவர்கள் அதிகம் உழைத்தால் தன் உழைப்பு சிறுத்துத் தெரியும். விடாமுயற்சியை அளக்கும் படிவத்தை உருவாக்கி உலகப் புகழ் பெற்ற ஆஞ்சலா டக்வொர்த்தே, இந்த எண்களை வைத்துப் பள்ளிகளை எடைபோடாதீர்கள் என்று அதே 2016இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். கருவியைச் செய்தவரே இப்படிச் சொன்ன பிறகும் நாம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நிறம் பூசுகிறோம்.

எதிர்த்தரப்பில் ஒரு வாதத்தை நான் மதிக்கிறேன். ‘படிவம் வேண்டாம் என்றால் எதை நம்புவது? ஆசிரியர் கண்ணையா? குப்பத்துப் பசங்க என்று முன்முடிவோடு பார்க்கிற கண்தானே அது? படிவமாவது சாதி பார்க்காது, பேட்டை பார்க்காது. வாய் திறக்காத பெண்ணுக்கும் அது ஒரு வாய்.’ உண்மை. எங்கள் கண்ணில் அழுக்கு உண்டு. அமைதியாக இருந்தாள் என்பதற்காகவே ஒரு பெண்ணை மூன்று வருடம் ‘நல்ல பிள்ளை’ என்று எண்ணி, அவளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாததைக் கவனிக்காமல் விட்டவள் நான். அந்தக் குற்றவுணர்வு இன்னும் போகவில்லை. ஆனால் இந்த வாதம் எதை நிரூபிக்கிறது? பிள்ளை பேச ஒரு வழி வேண்டும் என்பதை. எதைப் பற்றிப் பேச? எங்களைப் பற்றி. சில வருடங்களுக்கு முன்பு அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று ஒரு பெட்டி வைக்கச் சொன்னார்கள். பெயர் எழுதாமல் பிள்ளை சீட்டு எழுதிப் போடலாம். அந்தப் பெட்டி பிள்ளையிடம் ‘நாங்கள் உனக்கு என்ன செய்கிறோம்’ என்று கேட்கிறது. பெட்டி வைத்தால் போதாது, திறந்து படிக்க ஆள் வேண்டும், படித்ததற்குப் பதில் வேண்டும். அது வேறு சண்டை. ஆனால் கேள்வியின் திசை சரியாக இருக்கிறது. ஊக்கப் படிவம் பிள்ளையிடம் ‘நீ எப்படிப்பட்டவன்’ என்று கேட்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்க எங்களுக்கு உரிமை இல்லை.

அளக்காததைச் சரிசெய்ய முடியாது என்று அடுத்ததாகச் சொல்வார்கள். அளப்போம். எங்களை அளப்போம். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடி. அதை மூன்று வினாடியாக்கினால் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகள் பேசினார்கள். இதற்கு ஒரு கைக்கடிகாரம் போதும். என் வகுப்பில் அதை வைத்துப் பார்த்த முதல் நாள் எனக்கு வெட்கமாக இருந்தது; ஒரு வினாடிகூட நான் பொறுக்கவில்லை. ஒரு வாரத்தில் எத்தனை பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அழைத்தேன், எத்தனை நோட்டில் சிவப்பு டிக் தவிர ஒரு வரியாவது எழுதினேன், கழிவறைக்குப் போக ஒரு பெண் எத்தனை முறை கை தூக்க வேண்டியிருந்தது, போன இடத்தில் தண்ணீர் இருந்ததா, எத்தனை ஆசிரியர் இடம் எத்தனை மாதமாகக் காலி? விருப்பம், தெம்பு, ஒட்டுறவு மூன்றும் ஒரு பள்ளியில் கிடைக்கிறதா என்பதை இவை சொல்லிவிடும். எந்தப் பிள்ளையின் பெயரும் தேவையில்லை. எந்தப் பிள்ளைக்கும் நிறம் பூச வேண்டியதில்லை. இதை அளந்தால் சிவப்பில் வருவது யார் என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் யாரும் அளக்க முன்வருவதில்லை என்பது என் எண்ணம்.

பெயரில்லாத படிவம், பிள்ளைக்குத் தெரிந்த தமிழில், பாடத்தையும் ஆசிரியரையும் பள்ளியையும் பற்றிக் கேட்பதாக இருந்தால், முடிவை முதலில் அந்தப் பிள்ளைகளுக்கே படித்துக்காட்டுவதாக இருந்தால், நானே கட்டு வாங்கி வகுப்பு வகுப்பாகக் கொடுப்பேன். ஆய்வாளர்களோடு எனக்குப் பகை இல்லை. அவர்கள் எழுதியதிலிருந்துதான் இவ்வளவும் கற்றுக்கொண்டேன். பிள்ளையின் பெயருக்கு எதிரே எழுதப்படும் எண் ஒன்றோடுதான் பகை. அந்த எண் மாணவர் விவரங்களைப் பதியும் இமிஸ் தளத்தில் ஏறும், அடுத்த வகுப்புக்குப் போகும், அடுத்த ஆசிரியர் அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பார்ப்பார்.

படிவம் தயாரிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், விடியற்காலை நாலு மணிக்குக் காசிமேட்டுக்கு வாருங்கள். ஐஸ் உடைக்கிற பையனுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவன் வீட்டுக்குப் போய்க் குளித்து வரும்வரை காத்திருந்து, லாரிகளுக்கு நடுவே அவனோடு பள்ளிக்கு வாருங்கள். ஒன்பது மணிக்கு அவன் பெஞ்சில் உட்கார்ந்து, மாலை நாலு மணி வரைக்கும் நாங்கள் நடத்துவதை அவன் இடத்திலிருந்து கேளுங்கள். அதற்குப் பிறகும் அந்த முப்பது கேள்வியையும் அவனிடம் கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றினால் தாளைக் கொடுங்கள். பெயர் எழுதும் இடத்தை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுங்கள்.